டீயா கஷாயமா

எங்கள் அத்தையின் எலும்பைக் காப்பாற்ற அந்த வீட்டில் ஆளாளுக்குப் பாடுபட்டார்கள். பட்ட பாட்டில் முக்கால்வாசி எலும்புவரைக்கும் போய்ச் சேரவில்லை.

வேலை தேடிப் போன அப்பா போன இடத்திலேயே தங்கிவிட்டார். அம்மா மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறி பேக்கிங் வேலை பார்த்தாள். என்னை ஆவடியில் அத்தை வீட்டில் விட்டிருந்தாள். அத்தை, அப்பாவின் அக்கா. மாமாவுக்குத் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸ் வீடு, பிள்ளைகள் இல்லை. அத்தை நடமாடினால்தான் எனக்குச் சோறும் பள்ளிக்கூடமும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த அத்தை ஒருநாள் குழாயடியில் வழுக்கிக் கையை ஊன்றினாள். லேசாகத்தான் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, எலும்பில் அடர்த்தி குறைந்துவிட்டது, இப்படியே விட்டு இன்னொரு தரம் விழுந்தால் இடுப்பு போய்விடும், அப்புறம் படுக்கைதான் என்றார். வாரம் ஒன்று என்று ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

மாமா தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். யார் செய்த பொருளையும் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ள மாட்டார். போனில் வருகிற வீடியோவுக்கு மட்டும் அந்தச் சோதனை கிடையாது. பிரண்டை எலும்பை ஒட்டவைக்கும் என்று ஒரு வீடியோ. முருங்கை இலையில் பாலைவிடச் சுண்ணாம்புச் சத்து என்று இன்னொரு வீடியோ. காம்பவுண்டுச் சுவரில் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த பிரண்டையை இழுத்துப் போட்டு நறுக்கி, மொட்டை மாடியில் காயவைத்து, முருங்கை இலையும் சுக்கும் சேர்த்துக் கொதிக்கவைத்தார். கஷாயம் என்றால் அத்தை கிட்டேயே வரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் அதற்கு டீ என்று பெயர் வைத்தார். கடைக்காரர் மாதிரி உயரத் தூக்கி ஆற்றிக் கண்ணாடி கிளாசில் ஊற்றிக் கொடுத்தார். குடித்தால் தொண்டை அரித்தது.

"அரிச்சா வேலை செய்துன்னு அர்த்தம்" என்றார்.

முதல் மாத்திரையை அந்த டீயிலேயே விழுங்கவைத்தார். இரண்டும் சேர்ந்தால் டபுள் பலமாம். விழுங்கிய கையோடு அத்தை சற்றுப் படுத்தாள். நெஞ்செரிச்சலில் துடித்துவிட்டாள்.

"பாத்தியா, மாத்திரை உனுக்கு ஆவல. இனிமே டீதான்" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். மாத்திரை அட்டை சாமி படத்துக்குப் பின்னால் போனது.

கட்டுப் பிரிக்கப் போன அன்று நானும் கூடப் போனேன். நடந்ததைக் கேட்ட டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"டீல போட்டா மாத்திரை உடம்புல சேரவே சேராதும்மா. காலைல வெறும் வயிறு, ஒரு டம்ளர் வெறும் தண்ணி. அப்புறம் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, படுக்கவும் கூடாது. படுத்தீங்கன்னா எரியத்தான் செய்யும்."

"அந்த டீ?" என்றாள் அத்தை.

"ஆசையா இருந்தா அப்புறமா கொஞ்சம் குடிங்க. எலும்புக்கு அதை நம்பாதீங்க."

வீட்டுக்கு வந்த அத்தை இதில் ஒரு வார்த்தைகூட மாமாவிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நீட்டிய டீயை வாங்கிக் குடித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ சொல்லு அத்தை, இல்லாட்டி நான் சொல்றேன்."

"வாய மூடிக்கினு இரு. அந்த மனுசன் காலங்காத்தால எழுந்து வேத்துக்கினு நிக்குது."

வேர்த்தால் என்ன? இடுப்பு போனால் வேர்வையா வந்து தூக்கிவிடும்? பெரியவர்களோடு இருப்பதில் இதுதான் தொல்லை. விஷயம் இரண்டு வாக்கியம்தான். அந்த இரண்டைத் தவிர மற்றதெல்லாம் பேசுவார்கள்.

அந்த வாரமே திருநீற்றுப் புதன் வந்தது. மாதா கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, ஈஸ்டர்வரைக்குமான தவக்காலத்தைத் தொடங்குகிற நாள். தவக்காலத்தில் ஆளுக்கு ஒன்றை ஒறுத்தலாக விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா சிகரெட்டை விடுவார், பாதியில் சிகரெட் அவரைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அத்தை வருஷா வருஷம் பூ வைப்பதை விடுவாள். அன்று நெற்றியில் சாம்பலோடு வந்து நின்று, "இந்த வருசம் டீயை வுட்டுட்டேன்" என்றாள்.

"வுடு, நல்லதுதான். நம்ம டீ வேற."

"டீன்னா டீதான்."

"அதுல டீத்தூளே கெடையாதுடி. அது கஷாயம்."

"இத்தினி நாளா டீன்னு சொல்லித்தானே குடுத்தீங்க?"

"அன்னிக்கு டீ. இன்னிக்குக் கஷாயம்."

"ஆண்டவர்கிட்ட டீன்னு சொல்லிட்டேன். இப்பப் போய் மாத்திச் சொல்லச் சொல்றீங்களா?"

மாமா விடவில்லை. பூசை முடிந்து வெளியே வந்த சாமியாரை வழிமறித்து வழக்கை வைத்தார். சாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க அதை என்ன பேர் சொல்லிக் குடுத்தீங்க?"

"டீன்னுதான் சாமி."

"அப்ப டீதான்."

வீடு வரும்வரை மாமா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பொருளைப் பார்க்காமல் பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற ஆளையெல்லாம் யார் சாமியாராக்கினார்கள் என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை விடிவதற்குள் எழுந்து, சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு மாத்திரையை எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் விழுங்குவாள். பிறகு தூக்கம் கலையாத என்னையும் இழுத்துக்கொண்டு முதல் பூசைக்கு நடப்பாள். பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும்வரை எப்படியும் எதுவும் சாப்பிடுவதில்லை. கோயிலில் படுக்கவும் முடியாது. நெஞ்சு எரியவில்லை. எனக்குத்தான் எரிந்தது, ஏனென்றால் வீட்டில் குடிக்க ஆளில்லாத டீயை மாமா எனக்கு ஊற்ற ஆரம்பித்திருந்தார். என் எலும்பில் ஒரு குறையும் இல்லை. தொண்டை மட்டும் நாளெல்லாம் அரித்தது.

இந்தக் கூத்து ஈஸ்டர்வரை நடந்தது. ஈஸ்டர் காலையில் மாமா வழக்கம்போல முன்னால் எழுந்தார், ஆனால் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஒரு டம்ளர் வெறும் தண்ணீரைக் கொண்டுவந்து அத்தைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"போட்டுக்கினு கெளம்பு. டீ வந்து குடிச்சிக்கலாம்."

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். எப்போது தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பூசை முடிந்து வந்து அந்த டீயைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

"இன்னிக்கு அரிக்கல" என்றாள்.

"பதம் புடிச்சிட்டேன்" என்றார் மாமா.

அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் பொங்கியது. இத்தனை நாள் சண்டைக்கு யாராவது ஒருவர் தோற்றேன் என்று சொல்ல வேண்டாமா? சாம்பல் பூசிய அன்றே முடிந்திருக்க வேண்டிய பேச்சு.

அத்தையின் இடுப்பு இன்றுவரை உடையவில்லை. மாத்திரை என்கிறார் டாக்டரம்மா. பிரண்டை என்கிறார் மாமா. அத்தை இருவருக்கும் தலையாட்டுகிறாள்.

அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம், அத்தைக்கு ஆண்டவர்மேல் சொல்லிமாளாத பக்தி என்பதுதான். அதனால் அடுத்த தவக்காலத்தில் நானும் டீயை விட்டேன். இரண்டாம் நாளே தலைவலி வந்து சுருண்டு கிடந்தேன்.

"உனுக்கு இன்னாத்துக்குடி இதெல்லாம்?" என்று அத்தை கேட்டாள்.

"நீ விட்டியே, அதே மாதிரி. ஆண்டவருக்காக" என்றேன்.

அத்தை சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். என் பக்தியைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.