இரவல் கொடுத்த மூக்கு

கொரோனாக் காய்ச்சல் ஊரைச் சுற்றி அடங்கிய அடுத்த வருடம். கல்முனையில் கடற்கரைப் பக்கத் தெரு ஒன்றில், எங்கள் வீட்டு முன்னறையை அத்தர்க் கடையாக்கியிருந்தேன். பெண்களுக்கு மட்டுமான கடை. கட்டாரில் வேலை செய்யும் கணவர் அனுப்பிய போத்தல்கள் கண்ணாடி அலுமாரி நிறைய இருந்தன. வாங்கத்தான் ஆளில்லை. கடையில் ஈ ஓட்டுவது என்பார்களே, என் கடைக்கு அந்த ஈயும் வரவில்லை.

ஒருநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு ராத்தா வந்தார்; மூத்த பெண்களை நாங்கள் அக்கா என்ற முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாண வீடுகளுக்குப் புரியாணி சமைத்துக் கொடுப்பவர். எங்கள் பக்கத்தில் அவருடைய கைப்பக்குவம் தெரியாதவர்கள் குறைவு. இருப்பதிலேயே கடுமையான மணம் எது என்று கேட்டார். அகில் கட்டையில் வடித்த ஊது அத்தரை எடுத்துக் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்து, "மாஷா அல்லாஹ், நல்ல மணம்" என்றார்.

போத்தலின் மூடியை நாங்கள் இருவருமே இன்னும் திறக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பகிடியாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரும் மூடியைப் பார்த்துவிட்டார். முகம் அப்படியே வாடிப்போயிற்று.

"ஒருத்தரிட்டயும் சொல்லிராத புள்ள. காய்ச்சலோட போன மணம், இன்னும் வரல்ல. கல்யாணத்துக்கு ரெண்டு கொமருப் புள்ளயள் இரிக்கி எனக்கு. ரெண்டு பேருக்கும் சீதனமா வூடு கட்டணும். சோறாக்கிறவளுக்கு மூக்கு வேல செய்யல்ல எண்டு தெரிஞ்சா ஆரு என்னக் கூப்பிடுவா?"

கடுமையான அத்தர் மூக்கைத் திறந்துவிடும் என்று நம்பி வந்திருந்தார். என்ன விலை என்றாலும் வாங்கத் தயார். என்னிடமிருந்ததில் விலை கூடிய போத்தல் அது. கைக்கு வந்த வியாபாரம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு விற்க எனக்கு மனம் வரவில்லை. "இது மருந்தில்ல ராத்தா. நீங்க சும்மா வாங்க, எல்லாத்தையும் ஒவ்வொண்டாத் திறந்து பாப்பம்" என்றேன். திரும்பத் திரும்ப முகர்ந்தால் மெல்ல மெல்ல வரலாம் என்று டொக்டர் ஒருவர் யாருக்கோ சொன்னதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

அதன்பிறகு அந்தப் பின்னேரங்கள் ஏதோ கனவுக்குள் நடந்ததுபோலத்தான் இப்போதும் நினைவில் நிற்கின்றன. கடல் காற்றில் கதவுச் சீலை ஊதி எழும்பும், அடங்கும். சாய்ந்த வெயில் போத்தல்களுக்குள் புகுந்து சுவரில் தேன் நிறத்தில் நடுங்கும். ராத்தா கண்ணை மூடியிருப்பார். நான் மூடியைத் திறந்து, "இது ரோசா" என்பேன். அவர் ஒன்றும் மணக்காமலே, தன் கல்யாணத்தன்று பன்னீர் தெளித்ததைச் சொல்லத் தொடங்குவார். சந்தனம் என்றால் ஒரு கதை, மல்லிகை என்றால் இன்னொன்று. போத்தல்களின் விலை மட்டும் தெரிந்திருந்த நான், மணங்களை அவரிடம் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டேன். நாட்கள் போயின, மூக்கு மட்டும் திறக்கவேயில்லை.

அப்படியிருக்கும்போதுதான் மருதமுனையில் ஒரு கல்யாண வீட்டுச் சமையல் வந்தது. ராத்தாவின் சொந்தக்காரர்கள், மறுக்க ஏலாது. உப்பும் உறைப்பும் நாக்கு சொல்லிவிடும். பயம் தம் போட்ட பிறகுதான். புரியாணி வேகும் பெரிய கிடாரத்தின் மூடியைச் சுற்றி மாவைப் பூசி அடைத்துவிட்டால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அடிப்பிடிக்கிறதா என்பதை மூக்குத்தான் சொல்லவேண்டும்.

"ஒன்ட மூக்கக் கொஞ்சம் இரவலாத் தா புள்ள" என்றார். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

போனவள் சும்மா போகக் கூடாதா? கல்யாண வீடு, ஊர்ப் பெண்கள் எல்லோரும் கூடுகிற இடம், விளம்பரத்துக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று ஒரு பை நிறையப் போத்தல்களோடு போனேன். மணப்பெண்ணுக்கு, மணப்பெண்ணின் உம்மாவுக்கு, மச்சிமாருக்கு, மாமிமாருக்கு எல்லாம் பூசிவிட்டேன். என் கையும் முக்காடும் ஊதிலும் மல்லிகையிலும் ஊறிப்போயின. அப்படியே பின்வளவுக்கு வந்து, கிடாரத்துக்குப் பக்கத்தில் பெரிய காவல்காரிபோல நின்றேன்.

ராத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி புள்ள?"

"நல்ல மணம் ராத்தா" என்றேன். உண்மையில் எனக்கு மணத்தது நான்தான்.

கொஞ்ச நேரம் போனது. அடுப்பிலிருந்து எழுந்த புகை தென்னோலைகளுக்கிடையில் வெயிலோடு கலந்து மிதந்தது. ராத்தா திடீரென்று கழுத்தை நிமிர்த்தினார். மூச்சை இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார்.

"அடிபுடிக்குது! கொள்ளிய இழு புள்ள, அடிபுடிக்குது!"

இரண்டு பேரும் விழுந்தடித்து எரிகிற கொள்ளிகளை வெளியே இழுத்தோம். மூடியைத் திறந்து கரண்டியை விட்டுப் பார்த்தால் அடியில் மெல்லிய கருகல், அவ்வளவுதான். மேலே சோறு முல்லைப் பூவாகக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கிடாரம் முழுக்க வாடை ஏறியிருக்கும், ராத்தாவின் தொழிலும் அன்றோடு முடிந்திருக்கும். என் தலையைத் தூக்க எனக்குத் தைரியமில்லை. ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஏச்சைக் காணவில்லை. அவர் கரண்டியில் ஒட்டிய கருகலை மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணீர் தாடைவரை வழிந்தது. "மணக்குது புள்ள" என்றார். "அல்லாஹ்வே, கருகல் மணக்குது."

நானும் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். என் விளம்பரத்தால் காவல் வேலை கெட்டது, ஊர் முன்னால் மானமும் போகப் பார்த்தது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷம் கடை திறந்த நாளில்கூட எனக்கு வந்ததில்லை.

இப்போது என் கடைக்குப் பெண்கள் வருகிறார்கள், வந்தால் இருந்து கதைத்துவிட்டுத்தான் போகிறார்கள். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும்போது, இவருக்கு வேண்டியது என் அலுமாரியில் இல்லாவிட்டாலும் எங்காவது கிடைத்துவிடட்டும் என்று என் மனம் தன்பாட்டில் துஆக் கேட்கிறது. என் வியாபாரம் உண்மையில் தொடங்கியது அந்தக் கருகல் மணத்தில்தான்.