எனக்குக் கிடைக்காத நோட்டீஸ்

என் வீட்டுக்காரர் இருக்கும் கட்சி தேர்தலில் நிற்கும், ஜெயிக்காது. உடைந்து உடைந்து, எங்கள் ஊரில் மிச்சமிருக்கும் தோழர்கள் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள். அதில் இவர் முழுநேர ஊழியர் வேறு. முழுநேரமும் கட்சிக்கு என்றால் வீட்டுக்கு யார்? நான்தான். மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே யாரையும் திட்டி அனுப்ப மாட்டார்கள். "ஆர்டர் கம்மியா இருக்குதுங்க, சொல்லி அனுப்பறோம்" என்பார்கள். அப்புறம் சொல்லி அனுப்பி நான் பார்த்ததில்லை. கட்சி, சங்கம் என்று பேச்சு வந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அந்த மரியாதைதான் கிடைத்தது. அதனால் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். கட்சி நோட்டீஸ் கொடுக்க அவர் கம்பெனி கேட்டில் வந்து நின்றால் எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியாது.

போன தேர்தலுக்கு முன்னால் ஒரு நாள், காலை டீ நேரத்தில் அவரும் தோழர்களும் நோட்டீஸோடு வந்து நின்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் பக்கத்து மெஷின் அக்கா கேட்டார்.

"ஏங்கண்ணு, இந்திக்காரப் பசங்ககூட வாங்கி மடிச்சு வெச்சுக்கறாங்க. நீ மட்டும் கையை மடக்கிட்டுப் போறே. சூப்பர்வைசர் உன்னையவே பாத்துட்டு நின்னாரு."

எல்லாரையும் போல வாங்கிக்கொண்டால்தான் சந்தேகம் வராது என்ற புத்தி எங்கள் இரண்டு பேருக்குமே வரவில்லை பாருங்கள். போனை உள்ளே விட மாட்டார்கள், அவருக்குச் சொல்லவும் வழியில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்திலும் நிற்பார்கள், எப்படியும் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மதியம் சூப்பர்வைசர் கேட் பக்கத்திலேயே நின்றார். வரிசையில் போய் என் வீட்டுக்காரரிடம் கையை நீட்டினேன். ஒப்பந்தத்தை மறக்காத மனுஷன், நீட்டிய நோட்டீஸை இழுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தவளிடம் கொடுத்தார். மணிக்கணக்கில் மைக் பிடிப்பவருக்கு ஒரு காகிதம் கொடுக்கத் தெரியவில்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது. அவர் முகம் பயத்தில் வெளுத்திருந்ததைப் பார்த்ததும் அழுகையும் வந்தது.

"ஏனுங்க, உங்களுக்கு மட்டும் குடுக்கலீங்களே. தெரிஞ்சவருங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

இல்லீங்க என்று மனதுக்குள் எத்தனையோ நாள் சொல்லிப் பழகியிருந்தேன். வீட்டுக்காரரின் அந்த முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு வாய் வரவில்லை.

"எங்க ஊட்டுக்காரருங்க."

சூப்பர்வைசர் லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் வரும்போதெல்லாம் தையல் கோணிக்கொண்டு போனது. சாயங்காலம் என் மெஷினருகே வந்து நின்றார். தைக்க வேண்டிய பீஸ் என் முன்னால் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

"ஆர்டர் கம்மியா இருக்குதுங்க" என்றார்.

வெளியே என் வீட்டுக்காரர் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நேராகப் போய், எல்லார் முன்னாலும் கையை நீட்டினேன்.

"இப்பவாச்சும் குடுங்க" என்றேன்.