கஸோப்பேயில் இரண்டு பயறு

தொண்ணூற்றைந்து ஐப்பசி. லண்டன் டூட்டிங்கில், எங்கள் சமையலறை மேசையில், ஒரு கிரேக்க நகரம் எழும்பிக்கொண்டிருந்தது. மகளுக்குப் பள்ளிக்கூட வேலை. கஸோப்பே என்ற பழைய ஊர். எபிரஸ் மலைச்சரிவில், கடலைப் பார்த்தபடி. நான் ஷிப்ட் முடிந்து பெற்றோல் நிலையத்திலிருந்து கொண்டுவந்த சிகரெட் பெட்டி அட்டையில் நேர்நேரான தெருக்கள், ஒரே அளவு வீடுகள். ஆட்களுக்குப் பயறு.

"எங்கட கவுன்சில் வாடகை வீடுகள் மாதிரியெல்லோ கிடக்கு," என்றேன்.

"அப்பா, ப்ளீஸ்! இது ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல பழசு."

"அப்ப கவுன்சிலில இருந்து ரிப்பேருக்கு ஆக்கள் வர இன்னும் காலம் கிடக்கு."

மனைவி சிரிக்கவில்லை. அவளுடைய அக்கா யாழ்ப்பாணத்தில். ஆமி நெருங்குகிறது என்று ஊரையே வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி போனது, சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டு நகர்ந்தது, இவ்வளவும் எங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அக்கா வெளிக்கிட்டாவா என்பது மட்டும் வரவில்லை. அத்தான் பாரிசவாதம் வந்து படுக்கையில். தொலைபேசி சுவரில் தொங்கியது, செத்த மிருகம்போல.

மகள் வாசித்துச் சொன்னாள். ரோமர் அந்த மலைநாட்டைப் பிடித்தபின், ஊர் ஊராகப் பொன்னையும் வெள்ளியையும் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்கள். கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று சனம் கொடுத்தது. கொடுத்த அன்றே சூறையாடினார்கள். ஆட்களை அடிமைகளாக விற்றார்கள். கஸோப்பேயும் எரிந்தது. எஞ்சியவர்கள் சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டுத் திரும்பக் கட்டினார்கள். பல காலம் போய் இன்னொரு ரோமன், தன் வெற்றியைக் கொண்டாட நிக்கோபொலிஸ் என்ற புது நகரத்தைக் கட்டினான். அதை நிரப்ப ஆட்கள் வேண்டும். கஸோப்பேச் சனத்தை எழும்பி வரச் சொன்னான்.

மகள் பயறுகளை உள்ளங்கையால் வழித்து, நிக்கோபொலிஸுக்கென்று வெட்டிவைத்திருந்த மற்ற அட்டைக்குத் தள்ளினாள்.

"எல்லாரும் போட்டினமோ?" அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஓம் அம்மா. எவ்ரிபடி."

"நடக்க ஏலாத ஆக்கள்?"

மகள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். "புக்கில இல்லை."

"அப்ப உந்தப் புக்கை எழுதினவன் ஒரு வருத்தக்காரனைத் தூக்கி இருத்தியிருக்கமாட்டான்."

மனைவி ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பயறை எடுத்து, கஸோப்பேயின் மூலைவீட்டில், பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள்.

"டீச்சர் பிழை எண்டு சொல்லுவா அம்மா."

"சொல்லட்டும். இவை ரெண்டுபேரும் போகேல்லை. அவரை விட்டிட்டு அக்கா அசையமாட்டா."

ஞாயிறு மத்தியானம் தொலைபேசி அடித்தது. மனைவி எடுத்தாள். கொழும்பிலிருந்து அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி. "ஓம்... ஓம்..." என்றுமட்டும் சொன்னாள். வைத்துவிட்டு நின்றாள்.

"அக்கா சாவகச்சேரியில, ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கிறாவாம்."

"தனியவோ?"

"தனிய."

அவளே சொன்னாள். "அத்தான்தான் போ, போ எண்டு கத்தினவராம். தலைமாட்டில தண்ணிச் செம்பை வைச்சிட்டு வெளிக்கிட்டவவாம்."

வெளியே மழை. லண்டன் மழை, ஒருவரையும் துரத்தாத மழை.

அவள் மேசைக்குப் போனாள். மூலைவீட்டில் ஒரு பயறை நகத்தால் கிளப்பினாள். தரையாக இருந்த அட்டையும் கொஞ்சம் கிழிந்துகொண்டு வந்தது. பயறைப் புது நகரத்தில் வைத்தாள். நிற்கவில்லை, உருண்டு உருண்டு தெருவுக்கு வந்தது.

மகள் பசையை நீட்டினாள். அவள் வாங்கவில்லை.