சாக்கு என்றால் போதும்

குழந்தை டாக்டர் கிளினிக்கில் குழந்தை அழுகிற சத்தம்தான் அதிகம் கேட்கும் என்று நினைக்காதீர்கள். அதைவிட அதிகமாகக் காதில் விழுவது "பால் பத்தல" என்கிற ரெண்டே வார்த்தை. பெங்களூர் தொம்மலூரில் எங்கள் டாக்டரம்மாவின் கிளினிக்கில் இருபது வருஷமாக நான் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். டோக்கன் கொடுப்பது, பேர் எழுதுவது, எடை மிஷின் காட்டுகிற நம்பரைக் குறித்துக்கொள்வது, மாமியார் மருமகள் சண்டையை வாசலோடு நிறுத்துவது, எல்லாம் என் வேலை. முன்பு டாக்டரம்மாவின் அப்பா இங்கே உட்கார்ந்து பார்த்தார். அவரிடம் ஊசி போட்டுக்கொண்டு அலறியவர்கள் இப்போது மகளிடம் தங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

நாள் முழுக்க "அடுத்தது யாரு?" என்று கேட்டே தொண்டை வற்றிப்போன என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள், "உனக்கென்ன, உட்கார்ந்துதானே இருக்கே" என்பார்கள். போன ஆடி மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்பித்து வியாழக்கிழமை முடிந்த கூத்து இது.

மீட்டர் இல்லையே

பிரபு, கௌசல்யா என்று ஒரு ஜோடி. கடலூர்க்காரர்கள், இங்கே கம்ப்யூட்டர் வேலை. ஆபரேஷன் செய்து எடுத்த பெண் குழந்தை, பதினேழு நாள். பிறந்தபோது ரெண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம். எங்கள் மிஷினில் ரெண்டு எழுநூறு. இந்நேரம் பிறந்த எடைக்காவது திரும்பியிருக்க வேண்டும். டாக்டரம்மா குழந்தையை நன்றாகப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வயிறு நிறையல. ரெண்டு நாள் நான் சொல்ற மாதிரி பண்ணுங்க. வியாழக்கிழமை எடை ஏறியிருந்தா தாய்ப்பாலே போதும். ஏறலைன்னா பவுடர் பாலும் சேர்த்துக் குடுத்துத்தான் ஆகணும். நடுவுல குழந்தை எழுப்பினா எழுந்துக்கலைன்னாலோ, மூத்திரம் குறைஞ்சாலோ உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். கௌசல்யாவின் முகம் சுண்டிப்போனது. பிரபுவின் தோள்பையில் பவுடர் டின் ஏற்கெனவே தயாராக இருந்தது.

பிரபு போனில் கணக்கு வைத்திருந்தான். இடது பக்கம் பதினாலு நிமிஷம், வலது பக்கம் பதினொரு நிமிஷம் என்று கலர் கலராகக் கோடு. "நிமிஷத்தை எதுக்குப்பா எண்றே? எத்தனை தடவை மூத்திரம் போச்சுன்னு எண்ணு" என்றார் டாக்டரம்மா. அவன் விடுவானா? "எத்தனை எம்.எல். உள்ள போச்சுன்னே தெரியலையே டாக்டர்? ஆட்டோவுக்குக்கூட மீட்டர் இருக்கு!" என்று அங்கலாய்த்தான். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி அவனை ஒரு பார்வை பார்த்தார். "பெங்களூர் ஆட்டோ மீட்டரையே நம்பறவன், பெண்டாட்டியை நம்ப மாட்டியா?"

கவுண்டரில் மாமியார்

கிளினிக்கின் பின்பக்கம் திரை போட்ட ஒரு சின்ன அறை உண்டு. நாங்கள் அதைப் பால் ரூம் என்போம். நர்ஸ் கூடவே உட்கார்ந்து, குழந்தையை எப்படிப் பிடிப்பது, எப்படிக் கொடுப்பது என்று அம்மாக்களுக்குச் சொல்லித்தருவார். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. கௌசல்யாவின் செல்போனிலோ அவள் மாமியார் கடலூரிலிருந்து வீடியோவில் இருந்தார். "அத்தையை கட் பண்ணினா கோவிச்சுப்பாங்கக்கா" என்று சொல்லி, மாமியாரை என் கையில் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

நான் என்ன செய்ய? மாமியாரைச் சானிடைசர் பாட்டில்மேல் சாய்த்து வைத்தேன். அவ்வளவுதான், கவுண்டர் அவர் கைக்குப் போய்விட்டது. தடுப்பூசிக்கு வந்தவள், சளிக்கு வந்தவள், ஒருத்தரையும் விடவில்லை. "உனக்குப் பத்துதாம்மா? என்னா சாப்புடுற? பூண்டு சேத்துக்கிறியா?" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரணை. டோக்கன் வாங்க வந்த ஒருத்தரின் மார்பில் குழந்தையைக் கட்டியிருந்த துணி மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது போல. "உனக்குப் பத்துதா கண்ணு?" என்று கேட்டுவிட்டார். அந்த ஆள் குனிந்து, தாடியோடு முகத்தைக் காட்டி, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "எனக்கு இல்லீங்க ஆன்ட்டி, நான் அப்பா."

சாக்கு

மாமியார் வெட்கத்தில் லைனை கட் பண்ணிவிட்டார். நாங்கள் சிரித்து முடிக்கவில்லை, பால் ரூம் திரை படாரென்று விலகியது. கௌசல்யா குழந்தையோடு வெளியே வந்தாள். நேரே பிரபுவின் பையிலிருந்து டின்னை எடுத்து என் மேஜையில் டொக்கென்று வைத்தாள். "சுடுதண்ணி குடுங்கக்கா, கலக்கிடறேன். நான் பாலைச் சாக்கா சொல்றேனாம். ரெண்டு வாரமா தூங்காம கொள்ளாம குடுத்துட்டிருக்கேன், சாக்காம்! பெத்ததுதான் ஆபரேஷனாப் போச்சு, இதையாவது ஒழுங்கா பண்ணணும்னு நெனச்சேன்…" அதற்குமேல் பேச முடியாமல் தேம்பித் தேம்பி அழுதாள்.

எனக்குக் கோபம் வந்தால் விசாரணை எல்லாம் அப்புறம்தான். நேரே உள்ளே போய் நர்ஸ் ரத்னம்மாவைக் கன்னடத்தில் பிடி பிடியென்று பிடித்தேன். பிள்ளை பெற்ற பெண்ணிடம் இப்படியா பேசுவது, உங்களுக்கு மனசாட்சி இல்லையா என்றெல்லாம் கேட்டேன். ரத்னம்மா துமகூரிலிருந்து போன வருஷம்தான் வந்தவர். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. பாவம், திருதிருவென்று விழித்தார். "நான் என்ன தப்பா சொன்னேன் விஜயக்கா? அமுக்கிப் பார்த்தா பால் நல்லா வருது. 'ஹாலு சாக்கம்மா, சாக்கு'ன்னேன், அவ்வளவுதான்!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து இந்த ஊர் அடுகோடியில் ரெண்டு பாஷையையும் கலந்து பேசியே வளர்ந்தவள் நான். அது தமிழ்க் காதில் எப்படி விழும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கௌசல்யாவுக்குத் தெரிந்த கன்னடம் கடையில் பால் பாக்கெட் கேட்கிற அளவுக்குத்தான். ஹாலு என்றால் பால், சாக்கு என்றால் சாக்கு. நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அவள் அழுகையும் சிரிப்புமாக நின்றாள். "போதும்னா சொன்னாங்க? என் பால் போதும்னா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

பால் இருக்கிறது, குழந்தை வாய் நிறையப் பிடிக்காததுதான் கோளாறு. பார்சல் மாதிரி சுற்றிவைத்திருந்த துணியைப் பிரித்து, குட்டிக் கையுறையைக் கழற்றி, குழந்தையை அம்மா உடம்போடு ஒட்டி அணைக்கச் சொன்னார் ரத்னம்மா, அதை நான் தமிழில் சொன்னேன். கொடுத்து முடித்ததும் மிச்சத்தைப் பீய்ச்சிப் பாலாடைக் கிண்ணத்தில் ஊட்டவும் கற்றுக்கொடுத்தார். போகும்போது கௌசல்யா அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். ரத்னம்மாவுக்கு வேறு கவலை. என்னிடம் கன்னடத்தில் கேட்டதை அப்படியே தமிழில் தருகிறேன்: "உங்க பாஷையில சாக்குன்னா போதும் இல்லைன்னா, இலையில சோறு போட்டுக்கிட்டே இருந்தா எப்படித்தான் நிறுத்துவீங்க?"

டுமாரோ

மறுநாள் புதன்கிழமை. ரெண்டரை வயசுப் பையனை ஒரு அம்மா கூட்டிவந்தாள். அவளுக்கு நேர்மாறான கஷ்டம்: பையன் பாலை விடமாட்டேன் என்கிறான். டாக்டரம்மா அவனையே கேட்டார், "எப்படா நிறுத்தப்போறே?" அவன் பொம்மைக் காரை ஓட்டிக்கொண்டே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான், "டுமாரோ ஆன்ட்டி." அம்மா பெருமூச்சு விட்டாள்: "ஆறு மாசமா டெய்லி இதேதான் சொல்றான் டாக்டர்."

வெள்ளிக் கணக்கு

அன்றைக்கே இன்னொரு குழந்தை, ஒரே வாரத்தில் ஏகத்துக்கு எடை ஏறியிருந்தது. டாக்டரம்மா புருவத்தைத் தூக்கினார். ரத்னம்மா போர்வையை விலக்கிப் பார்த்தால், இடுப்பில் தடிமனாக வெள்ளி அரைஞாண், காலில் தண்டை, கையில் காப்பு. பேர் வைக்கிற விசேஷத்தில் சொந்தக்காரர்கள் போட்டதாம். எல்லாம் கழற்றி எடை போட்டால் ஏற்றம் சாதாரணமாகத்தான் இருந்தது, ஆனால் சரியாக இருந்தது. நான் எழுதினதை அடிக்கப் போனேன். குழந்தையின் அம்மா என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளியோடவே இருக்கட்டும்கா, வீட்ல எல்லாரும் நம்பரைத்தான் பாப்பாங்க!"

சுறா

மத்தியானம் பிரபு போன் செய்தான். குழந்தைக்கு என்னவோ என்று எனக்குத் திக்கென்றது. "குழந்தை நல்லா இருக்கு மேடம், ஏழு தடவை மூத்திரம் போயாச்சு. தொம்மலூர்ல சுறா எங்க கிடைக்கும்?" என்றான். பால் ஊற சுறாப்புட்டு செய்துகொடு என்று அவன் அம்மா உத்தரவாம். டாக்டரம்மாவைக் கேட்டுச் சொன்னேன்: "பிடிச்சா தாராளமா சாப்பிடட்டும். ஆனா பால் ஊறுறது சுறாவால இல்ல, குழந்தை சப்பறதால." அவன் அதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்திருக்கிறான். பத்து நிமிஷத்தில் மறுபடி போன். "வேணாம் மேடம், நீங்க தேட வேணாம். அம்மா ஐஸ் போட்டு பஸ்ல ஏத்திட்டாங்க."

வியாழக்கிழமை

கதவு திறந்தவுடன் முதலில் உள்ளே வந்தது மீன் வாசனை. பிரபு பஸ் ஸ்டாண்டில் பார்சலை வாங்கிக்கொண்டு நேரே வந்திருந்தான். ஒரு கையில் டேப் ஒட்டின தெர்மாகோல் பெட்டி, தோள்பையில் அதே டின், மூடி திறக்காமல். பின்னால் கௌசல்யா. ராத்திரி பகலாகக் கொடுத்துப் பழகிய களைப்பு கண்ணில் தெரிந்தது. கடலூர் மாமியார் வீடியோவில் ஆஜர். அவருக்குப் பழைய இடத்தையே கொடுத்தேன்.

ரத்னம்மா குழந்தையின் துணியெல்லாம் கழற்றி மிஷினில் கிடத்தினார். முந்தின நாள் பட்ட பாட்டில், இடுப்பிலோ காலிலோ வெள்ளி இருக்கிறதா என்று நானே தடவிப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை. குழந்தை காலை உதைக்க உதைக்க நம்பர் ஏறி இறங்கி ஆடியது. கௌசல்யா மிஷினைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் நம்பர் நின்றது. ரெண்டு கிலோ எழுநூற்றுத் தொண்ணூறு. நம்பாமல் இன்னொரு தடவை போட்டோம், அதேதான். ரெண்டு நாளில் தொண்ணூறு கிராம்! எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"இதே மாதிரி குடு. டின்னைத் திறக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை மறுபடி எடை பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா. கௌசல்யா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். அது பசியில் கத்தவே, பால் ரூமுக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டாள். நான் பாட்டில்மேல் சாய்ந்து கிடந்த மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வந்ததே ஒரு பூரிப்பு! "பாத்தீங்களா, சுறா வேலையைக் காட்டிருச்சி!" என்றார். பிரபு டேப் பிரிக்காத பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாயே திறக்கவில்லை. பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

"கௌசல்யா! இன்னும் ரெண்டு கிலோ அனுப்பட்டா?" என்று மாமியார் கிளினிக்கே அதிரக் கத்தினார். திரைக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது, சிரிப்பும் நிம்மதியுமாக: "சாக்கு அத்தை, சாக்கு!" ரத்னம்மா உள்ளே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது எனக்குக் கேட்டது. மாமியார் முகம் மாறிவிட்டது. திரைக்குள் இருப்பவளை விட்டுவிட்டு என்னிடம் நியாயம் கேட்டார்: "நீங்களே சொல்லுங்க மேடம், சாப்புடச் சொன்னா இப்பவும் சாக்குதான் சொல்றா!"

இருபது வருஷமாக "பத்தல, பத்தல" என்றே கேட்டுப் புளித்த இந்தக் காதால் ஒரு அம்மா வாய் நிறையப் "போதும்" என்று சொல்லிக் கேட்டேன், அதையும் கேட்கவேண்டிய ஒரே ஆள் தப்பாகத்தான் புரிந்துகொண்டார்.