ஆவடிக்குக் குளிர் வந்தால் எஸ்கிஷெஹிர்

நான் துருக்கி போய் வந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே இருந்த நாட்களில் எங்கள் ஊர் பட்டாபிராமில் ஒருவரும் இதை நம்பவில்லை.

அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, இரும்புத் தகட்டில் துளை போடும் மெஷின் செய்கிறது. துருக்கியில் ஒரு பட்டறை அதில் ஒன்றை வாங்கியது. பொருத்திக் கொடுத்துவிட்டு வர ஆள் வேண்டும். வேலை தெரிந்தவர்களிடம் பாஸ்போர்ட் இல்லை. என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. ஆகவே என்னை அனுப்பினார்கள்.

காலை லோக்கல் ரயிலில் எங்களுக்கு ஒரு கூட்டம் உண்டு. அதன் தலைவர் லேத் பட்டறைக்காரர், எல்லோருக்கும் அண்ணாத்தே. ஜன்னலோர சீட்டு அவருடையது. நான் பல வருடங்களாக வாசற்படியில் தொங்குபவன். விசா வந்த அன்று கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். அரக்கோணத்தைத் தாண்டாதவர்களோடு இனி என்ன பேச்சு என்கிற மாதிரி ஏதோ.

அண்ணாத்தே வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "சரி நைனா, போய்ட்டு போட்டோ அனுப்பு. பாத்த ஒடனே ஃபாரின்னு தெரியணும். தெரிஞ்சா இந்த ஜன்னல் சீட்டு ஒனக்கு. இல்லேன்னா ரிட்டையர் ஆவுற வரிக்கும் படிலயே தொங்கிகினு வா."

எனக்குச் சிரிப்பு வந்தது. துருக்கி என்றால் கடல், கோபுரம், மசூதிக்கு மேலே புறா. ஒரு போட்டோ போதாதா?

கம்பெனி என்னை அனுப்பியது எஸ்கிஷெஹிருக்கு. அது ஒரு மாகாணத்தின் தலைநகரம். கடல் கிடையாது. பெயருக்கு 'பழைய ஊர்' என்று அர்த்தமாம். பழையதாக ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். நான் தங்கியிருந்த ரூமின் கம்பளி மட்டும்தான் கண்ணில் பட்டது. ரயில் பட்டறை, சர்க்கரை ஆலை, விமானப்படைத் தளம், அடுக்கடுக்காய்க் குடியிருப்பு. தலைக்கு மேலே போர் விமானம் கிழித்துக்கொண்டு போகும்போது டீக்கடையில் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தொழிற்சாலையும் ராணுவ முகாமுமான எங்கள் பக்கத்து ஆவடியைக் கொண்டுபோய் ஐஸ் பெட்டியில் வைத்தது போலிருந்தது.

ஊர்க்காரர்களுக்குப் பெருமை மட்டும் குறைவில்லை. ரயில் பட்டறையில் ஒரு காலத்தில் கார் செய்தார்களாம். நாட்டின் அதிபர் ஏறி உட்கார்ந்த கார், பெட்ரோல் இல்லாமல் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டதாம். அதன் கூடப் பிறந்த காரைக் கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள். நாங்கள் செய்த மெஷினும் முதல் நாள் ஓடவில்லை. எனக்கு அந்தக் கார்மேல் தனிப் பாசம் வந்தது. பக்கத்துக் கிராமங்களில் வெள்ளையாக, லேசாக ஒரு கல் தோண்டுகிறார்கள். அதைக் குடைந்து, தாடிக்காரன் முகம் வைத்து, புகைக்கிற குழாய் ஆக்கி விற்கிறார்கள். வாங்குகிறவர்களை நான் பார்க்கவில்லை. கிரிமியாவிலிருந்து வந்து குடியேறிய தாத்தாரியர்கள் சிபெரெக் என்று ஒன்று பொரிக்கிறார்கள். கறி சமோசாமேல் ரோடு ரோலர் ஏற்றினால் அது கிடைக்கும். கடித்தால் உள்ளிருக்கும் சாறு சட்டையில்தான் இறங்கும். நான்கு சட்டை கொண்டுபோயிருந்தேன், நான்கிலும் இறங்கியது.

முதலில், முச்சந்தியில் தூணில் ஏற்றி வைத்திருந்த பழைய போர் விமானத்தின் முன் நின்று எடுத்து, எங்கள் ரயில் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன்.

"ஆவடி கேம்ப் கேட்டாண்ட நின்னுகினு கப்ஸா உடாதே மாமே," என்று பதில் வந்தது.

பழைய நீராவி எஞ்சினோடு ஒன்று. "இது பெரம்பூர் ரயில் மியூசியம்."

கடைசி அஸ்திரம் ஆறு. ஊருக்கு நடுவே ஓடும் வாய்க்கால் மாதிரி ஆற்றைச் சுத்தம் செய்து, இத்தாலியைப் பார்த்துக் காப்பியடித்து, நீளமூக்குப் படகு விட்டிருக்கிறார்கள். குளிரில் மூக்கு ஒழுக, படகில் ராஜா மாதிரி உட்கார்ந்து அனுப்பினேன்.

அண்ணாத்தேயின் குரல் பதிவு வந்தது: "இன்னா நைனா, கூவத்துல படகு உட்டுட்டானுங்களா? சொல்லவே இல்ல. தோ பார், வேலை போச்சுன்னா சொல்லு, பேசிக்கலாம். ஆவடில ரூம் எடுத்து ஒளிஞ்சிகினு இன்னாத்துக்கு இந்தப் பொழப்பு? ஸ்வெட்டர் மட்டும் நல்லா கீது."

என் மனைவியே போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஏங்க, நெஜமாவே வேலை இருக்குதுல்ல?"

அன்று மாலை மருந்துக் கடைக்குப் போனேன். வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு நாய் படுத்திருந்தது. கன்றுக்குட்டி அளவு. காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. ஊசி போட்டாயிற்று என்பதற்கு நகராட்சி மாட்டுவது. கிழவிகள் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் பட்டாபிராம் முறைப்படி "சூ" என்றேன். நாய் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, மதிப்பில்லை என்று முடிவு செய்து, மூடிக்கொண்டது. கடைக்காரர் என்னை முறைத்தார். மருந்து வாங்காமலே திரும்பினேன். எரிச்சலில் நாயைப் படமெடுத்து, 'இந்த ஊர்ல நாய்க்கு இருக்கிற மரியாதை எனக்கில்லை' என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

 பதில்கள் பொழிந்தன.

"காதுல இன்னாடா அது, கம்மலா?"

"கடை வாசல்ல படுத்துகினு கீது. ஒருத்தன் கல்லெடுக்கல!"

"தூங்குறதப் பாரு மச்சான். நம்மூர்ல எந்த நாய் இப்டி மல்லாந்து தூங்கும்?"

கடைசியாக அண்ணாத்தே: "ஃபாரின்தான். ஒத்துகினேன்."

திரும்பி வந்த முதல் திங்கட்கிழமை, நான் ரயிலில் ஏறியதும் அண்ணாத்தே ஜன்னலோரத்திலிருந்து தானே எழுந்து நின்றார். கூட்டம் கை தட்டியது. நான் தொண்டையைச் செருமி, அந்த ஊரின் ரயில், கல், கார் என்று ஆரம்பித்தேன்.

"அத்த வுடு," என்றார் அண்ணாத்தே. "நாய் எப்டி கீது?"

"நல்லாத்தான் இருக்கு."

"குளிர்ல இன்னா பண்ணும், பாவம்?"

அண்ணனூர் வரை நாயைப் பற்றியேதான் பேசினார்கள். ஒருவன் அதைத் தன் போனில் முகப்புப் படமாகவே வைத்திருந்தான். பொறுக்க முடியாமல், "போய்ட்டு வந்தது நான்ங்க," என்றேன்.

அண்ணாத்தே என் தோளைத் தட்டினார். "தப்பா நெனைக்காத நைனா. ஜன்னல் சீட்டு ஜெயிச்சது அது. அதால வர முடியல, அதுக்குப் பதிலா நீ குந்திகினு வா."

குந்திக்கொண்டுதான் வருகிறேன்.