மடியில் வைத்த பை

எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா ஊரடங்கை எடுத்து, பஸ்கள் திரும்ப ஓடத் தொடங்கிய கிழமை அது. நான் வெள்ளவத்தையில் மகளோடு இருக்கிறேன். அக்கா கொட்டாஞ்சேனையில் தனியாக இருந்தார். சர்க்கரை வருத்தத்தில் கால் வீங்கி, அடுப்படியில் நிற்க ஏலாமல், கடையில் வாங்கும் பாண் ரொட்டியோடு காலம் தள்ளினார். மாதக்கணக்காக நான் அவரைப் பார்க்கவில்லை. விடியவே எழும்பிப் புட்டு அவித்து, மீன்குழம்பை ஒரு டப்பாவில் ஊற்றி, பையில் வைத்துக்கொண்டு, கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ்ஸுக்குப் போனேன்.

சீற் அளவுக்குத்தான் ஆட்களை ஏற்றலாம் என்று சட்டம். சீற் எல்லாம் நிரம்பியிருந்தும், கொண்டக்டர் என் வயதைப் பார்த்துப் பாவப்பட்டு ஏற்றிவிட்டார்.

எங்கள் பஸ்களில் நிற்கிறவரின் பையை இருக்கிறவர் மடியில் வாங்கி வைத்துக்கொள்வார். கேட்கவும் தேவையில்லை. எத்தனையோ பேரின் பையை, ஒருமுறை ஒரு கைக்குழந்தையைக்கூட, நான் அப்படிச் சுமந்து போயிருக்கிறேன். அன்று பஸ் வெட்டித் திரும்பியபோது கம்பியைப் பிடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. யோசிக்கவேயில்லை. பக்கத்துச் சீற்றில் இருந்த ஒரு இளம் பெண்பிள்ளையின் மடியில் பையை வைத்துவிட்டேன்.

பிள்ளை துள்ளி எழும்பினாள். பை விழுந்து, டப்பா மூடி கழன்று, குழம்பு நிலத்தில் ஓடியது. புட்டும் நனைந்தது. எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். "அம்மே, தென் எஹெம கரண்ட எப்பா," இப்போது அப்படிச் செய்யக்கூடாது என்று சிங்களத்தில் சொன்னார் கொண்டக்டர். கிழவிகளுக்கு வீட்டில் இருக்க ஏலாதோ என்று பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல் கேட்டது. அதையும் தாங்கியிருப்பேன். அந்தப் பிள்ளை மெல்லமாகச் சொன்னதைத்தான் தாங்க ஏலவில்லை.

"குறை நினையாதேங்கோ அன்ரி. வீட்டில அப்பாக்குக் கான்சர். நான் கொரோனாவைக் கொண்டுபோய்க் குடுத்திடுவனோ எண்டு பயம்."

சேலைத் தலைப்பால் நிலத்தைத் துடைத்தேன். மருதானையில் இறங்கிவிட்டேன். முகத்தில் மாஸ்க் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அக்காவுக்குப் போன் எடுத்து, பஸ் இல்லை, வர ஏலாது என்று பொய் சொன்னேன்.

"அப்ப என்ர ஜன்னலுக்குக் கீழ போறது கப்பலே?"

அழுகை வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அக்கா, "வெறுங்கையோட வா. பாண் இருக்கு," என்றார். நடந்தே போனேன். அவர் கட்டிலிலும் நான் வாசற்படியிலுமாக இருந்து பாண் சாப்பிட்டோம்.

இப்போது பஸ்களில் பழையபடி நெரிசல். பையைத் தாங்கோ அன்ரி என்று கை நீட்டுகிறார்கள். பாரமில்லைப் பிள்ளை என்று சொல்லி நானே தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.

பை விழுந்தது பஸ் நகர மண்டபத்தைத் தாண்டுமுன்னா, தாண்டிய பிறகா என்று சரியாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டது நினைவிருக்கிறது. நான் கேட்டேனா என்பது நினைவில் இல்லை. அன்று அந்த பஸ்ஸில் வந்தவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள்.