ஆமையின் வயிற்றில் ஒரு சிவப்பு

சில வருடங்களுக்கு முன்னால், சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்த வாரத்தில் தொடங்கியது இது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்துகொண்டு, குழந்தைகள் கயிறு கட்டி இழுக்கும் மர ஆமைகள் செய்து விற்கிறேன். பச்சை ஓடு, மஞ்சள் கால், அவ்வளவுதான். முதன்முறையாக ஐரோப்பாவிலிருந்து ஒரு கடை முந்நூறு ஆமை கேட்டிருந்தது. ஒரே நிபந்தனை, பொம்மைப் பாதுகாப்புச் சான்றிதழ் மாதக் கடைசிக்குள் வேண்டும்.

ஐந்து ஆமைகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஃபெயில். சிவப்புப் பூச்சில் ஈயம் அளவுக்கு மேல் இருக்கிறதாம்.

சிவப்பா? என் ஆமையில் சிவப்பே கிடையாதே!

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. தேங்காய் வாங்கினால்கூட நாலு தடவை தட்டிப் பார்ப்பேன். சந்தேகம் முதலில் பெயிண்ட் அடித்துத் தரும் அண்ணன்மேல் விழுந்தது. குவீன்ஸ்டவுன்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஈசூனில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறார். அடியில் ஏதாவது மட்டமான பெயிண்டை அடித்துவிட்டு மேலே நல்லதைப் பூசுகிறாரோ? போன் செய்து கேட்டேன்.

"ரெட் பெயிண்டே நான் வாங்கலம்மா. சத்தியமா லா," என்றார்.

சத்தியம் செய்கிறவரைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துப் பட்டறைக்குப் போனேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே நுழைந்து ஒவ்வொரு டின்னாகத் திறந்து குச்சியால் கிண்டினேன். எல்லாம் பச்சையும் மஞ்சளும்தான். நிமிர்ந்தால், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வாசலில் அவர்.

"எங்கண்ணே ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று நானே முந்திக்கொண்டு கத்தினேன். அவர் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, நான் திறந்துபோட்ட டின்களை ஒவ்வொன்றாக மூடினார். மூடி மறைக்கிறார் பார், அப்படியென்றால் இவர்தான் என்று முடிவு கட்டினேன்.

இருந்தாலும் சோதனைக்கூடத்தையும் விட மனம் வரவில்லை. வேறு யாருடைய பொம்மையையோ மாற்றிச் சோதித்திருந்தால்? சண்டைக்குத் தயாராகவே போனேன். அங்கே இருந்த அதிகாரி, முக்காடு போட்ட தமிழ்ப் பெண். என் ஆமைகளைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தார். அடிவயிற்றின் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. எல்லாவற்றிலும் அதே இடத்தில்.

"பிரஷ் வச்ச மாதிரி இல்லையேக்கா. விரலால வச்ச மாதிரில்ல இருக்கு?" என்றார்.

அந்த விரல் என்னுடையது. அனுப்பிய அன்று வெள்ளிக்கிழமை. ஐந்தையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, முதல் ஏற்றுமதி நல்லபடியாகப் போகட்டும் என்று, குங்குமத்தை எண்ணெயில் குழைத்து ஒவ்வொன்றின் வயிற்றிலும் வைத்தேன். புதுக் கார், புது கம்ப்யூட்டர் என்று எதற்கும் வைப்பதுதானே! அது பூச்சுக் கணக்கில் வரும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அவரிடமும் அதைச் சொன்னேன்.

"எல்லாக் குங்குமமும் இப்படி இல்லக்கா. லூஸா வாங்குற சிலதுல கலப்படம் இருக்கும். இது பாப்பா வாயில வைக்கிற சாமான் இல்லையா?"

வெட்கத்தில் முகம் எரிந்தது. அதைவிடப் பயம். முந்நூறுக்கும் வைப்பதாக இருந்தேனே!

பொட்டு வைக்காமல் மறுபடி அனுப்பிய ஆமைகள் பாஸாகி, சான்றிதழ் கடைசி வாரத்தில் வந்தது. நேரே ஈசூனுக்குப் போய் அண்ணனிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, விடுங்க," என்றார்.

விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால், நான் கேட்காமலே, டின்களைத் திறந்து வரிசையாக வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். இன்று காலையும் வந்தது, பச்சையும் மஞ்சளுமாக. "வேண்டாம் அண்ணே, உங்களை நம்புறேன்" என்று ஒவ்வொரு தடவையும் டைப் செய்கிறேன். அவர் டின்களைத் திருட்டுத்தனமாகக் கிண்டிய இந்தக் கைக்கு, அதை அனுப்பும் தைரியம் மட்டும் இன்னும் வரவில்லை.